சிறுவர் கால்பந்தில் பக்கக்கோட்டு ஒழுங்கு

பக்கக்கோட்டு ஒழுங்கு என்பது சிறுவர், சிறுமியர் ஆடும் கால்பந்து ஆட்டங்களில் பயிற்றுநர்கள், பெற்றோர், பிற பார்வையாளர்கள் ஆகியோரை ஆடுகளத்தின் பக்கக்கோட்டிலிருந்து தள்ளி நிறுத்தும் நடைமுறை ஆகும். ஆடுகளத்தின் நீளவாட்டில் இருபுறமும் போடப்படும் கோடுகளே பக்கக்கோடுகள். பந்து இக்கோட்டை முழுவதுமாகக் கடந்தால் ஆட்டத்துக்கு வெளியே போனதாகக் கொள்ளப்பட்டு, எறிதல் மூலம் மீண்டும் உள்ளே வருகிறது.

இந்த ஒழுங்குக்கு இரண்டு கூறுகள் உண்டு. ஒன்று, ஆட்கள் கோட்டைவிட்டுத் தள்ளி நிற்பது. மற்றொன்று, அவர்களின் குரல் ஆட்டத்துக்குள் புகாமல் இருப்பது. முதலாவதை ஒரு கயிற்றால் செய்துவிடலாம். இரண்டாவதற்குப் பெரியவர்களின் ஒப்புதல் வேண்டும். காயங்களைத் தவிர்ப்பது, நடுவரைக் காப்பது, ஆடும் குழந்தை தானே முடிவெடுக்கக் கற்பது ஆகிய மூன்றும் இந்த ஒழுங்கின் நோக்கங்கள்.

புறநகர் மைதானங்களின் நிலை

தாம்பரம் மாநகராட்சிக்குள் அடங்கிய சிட்லபாக்கம், அதை ஒட்டிய சேலையூர், செம்பாக்கம், குரோம்பேட்டை போன்ற தென்சென்னைப் புறநகர்களில் சிறுவர் கால்பந்து பள்ளி மைதானங்களிலும் பொதுத் திடல்களிலும் வலை கட்டிய 'டர்ஃப்' எனப்படும் செயற்கைப் புல்தரைகளிலும் நடக்கிறது. இவ்வகைத் திடல்களில் கேலரி இருப்பது அரிது. வெயிலுக்கு முன்பே முடிக்க வேண்டும் என்பதால் ஆட்டங்கள் காலையிலேயே தொடங்கிவிடும். ஒரே திடலில் ஒரு பக்கம் கிரிக்கெட், இன்னொரு பக்கம் நடைப்பயிற்சி, நடுவில் கால்பந்து என்பதும் புதிதல்ல. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் திடலின் தாழ்ந்த பகுதியில் தண்ணீர் நின்றால், கிடைக்கும் இடம் இன்னும் சுருங்கும்.

உட்கார இடம் இல்லாதபோது பெற்றோர் கோட்டின்மேலேயே நிற்கிறார்கள். ஓரத்தில் மரம் இருந்தால் எல்லோரும் அந்த நிழலில் கூடுவார்கள். ஆட்டம் சூடுபிடிக்கும்போது ஒவ்வொருவரும் ஓரடி முன்னே வருவார்கள். பின்னால் நிற்பவருக்கு மறைக்கும். அவரும் முன்னே வருவார். பத்து நிமிடத்தில் கோடே தெரியாமல் போய்விடும். யாரும் கெட்ட எண்ணத்தோடு இதைச் செய்வதில்லை. எல்லை எதுவும் காட்டப்படாத இடத்தில் கூட்டம் இப்படித்தான் நகரும்.

டர்ஃப் மைதானங்களில் நிலைமை சற்று வேறு. சுற்றிலும் வலை இருப்பதால் பார்வையாளர் தாமாகவே வெளியே நிற்கிறார். ஆனால் ஐவர் ஆடும் அந்தச் சிறிய களத்தில், வலைக்கு வெளியிலிருந்து போடும் சத்தம் களத்தின் எல்லா மூலைகளிலும் கேட்கும். அங்கே ஆள் தள்ளி நின்றாலும் குரல் உள்ளேதான் நிற்கிறது.

ஆட்ட விதிகள் சொல்வது

உலகெங்கும் கால்பந்து விதிகளை வகுப்பது 1886இல் தோன்றிய பன்னாட்டுக் கால்பந்துச் சங்க வாரியம் ஆகும். அதன் 17 விதிகளில் பல, பக்கக்கோட்டில் யார், எங்கே நிற்கலாம் என்பதைத் தொடுகின்றன.

முதல் விதி 'டெக்னிக்கல் ஏரியா' எனப்படும் பயிற்றுநர் பகுதியை வரையறுக்கிறது. இருக்கைகள் உள்ள அரங்கங்களில் இது அணியினரின் இருக்கை வரிசைக்கு இருபுறமும் 1 மீட்டர் வரை விரியும். முன்புறம் பக்கக்கோட்டுக்கு 1 மீட்டர் முன்பாகவே முடிந்துவிடும். ஒரே நேரத்தில் ஒருவர் மட்டுமே எழுந்து ஆட்ட உத்தி குறித்து அறிவுரை கூறலாம். அணிப் பட்டியலில் பெயர் உள்ளவர்களுக்கே இந்தப் பகுதி. இப்படி ஓர் இடம் விதிநூலில் வந்ததே 1990களில்தான். அதற்கு முன் ஆட்டம் நடக்கும்போது கோட்டோரத்திலிருந்து பயிற்சி அளிப்பதற்கு அனுமதி இல்லை. கத்திக்கொண்டே இருக்கும் பயிற்றுநர் கால்பந்தின் தொடக்கத்திலிருந்தே உள்ளவர் அல்லர்.

பொறுப்பின்றி நடக்கும் பயிற்றுநருக்கும் பிற அணி அலுவலர்களுக்கும் நடுவர் மஞ்சள் அட்டையோ சிவப்பு அட்டையோ காட்டலாம். இந்த மாற்றம் 2019ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்தது. தவறு செய்தவர் யாரென அடையாளம் காண முடியாவிட்டால், அப்பகுதியில் இருக்கும் தலைமைப் பயிற்றுநர் அந்த அட்டையை ஏற்க வேண்டும்.

பெற்றோருக்கும் பார்வையாளருக்கும் காட்ட நடுவரிடம் அட்டை கிடையாது. விதிநூலின்படி அவர்கள் வெளியாட்கள். வெளியாட்களின் இடையூறு எல்லை மீறினால் நடுவர் ஆட்டத்தை நிறுத்தலாம், தள்ளிவைக்கலாம், முற்றிலும் கைவிடலாம். அதாவது, ஒரு பெரியவரின் நடத்தைக்காக ஆட்டத்தை இழப்பவர்கள் குழந்தைகள். பார்வையாளர்களைக் கட்டுக்குள் வைக்கும் பொறுப்பைப் போட்டி அமைப்பாளர் ஆட்டத்துக்கு முன்பே ஏற்க வேண்டும் என்பதற்கு இதுவே காரணம்.

கோட்டுக்கு மிக அருகில் நிற்பவர் அறியாமலே ஆட்டத்தைக் கெடுக்கவும் முடியும். 2019 அக்டோபரில் ஜெர்மனியின் இரண்டாம் நிலைத் தொழில்முறை லீகில் ஹோல்ஸ்டைன் கீல் அணியும் போகம் அணியும் மோதின. கோல் கம்பத்துக்கு அருகே உடலைத் தயார்படுத்திக்கொண்டிருந்த கீல் அணியின் மாற்று ஆட்டக்காரர், வெளியே போகும் பந்தென நினைத்து அதைக் காலால் நிறுத்தினார். பந்து அப்போது கோட்டை முழுவதுமாகக் கடந்திருக்கவில்லை. போகம் அணிக்குப் பெனால்ட்டி வழங்கப்பட்டது. இப்படி உள்நோக்கமின்றி, வெளியேறும் பந்தைத் தொட்டுவிட்டால் எதிரணிக்கு மறைமுக ஃப்ரீ கிக் மட்டுமே தரலாம் என 2025–26 பருவத்துக்கான விதிநூலில் தளர்த்தப்பட்டது. தொழில்முறை ஆட்டக்காரரே இப்படித் தவறும்போது, கோட்டில் நிற்கும் ஒரு தந்தை பந்தைக் காலால் தடுத்துவிடுவது மிக எளிது.

கோட்டோரம் ஏன் காலியாக இருக்க வேண்டும்

கோட்டுக்கு வெளியே உள்ள முதல் சில மீட்டர்களும் ஆட்டத்தின் பகுதியே. அந்த இடத்துக்கு மூன்று பயன்கள் உண்டு.

முதலாவது, ஓடிவரும் குழந்தை நிற்பதற்கு. பந்தைத் துரத்திக் கோட்டுக்கு வரும் சிறுவனால் கோட்டிலேயே நின்றுவிட முடியாது. வேகம் தணியச் சில மீட்டர்கள் தேவை. மூலைக் கொடிக் கம்பம் 1.5 மீட்டருக்குக் குறையக் கூடாது, அதன் முனை கூராக இருக்கக் கூடாது என்று விதிநூல் கவனமாகச் சொல்கிறது. அந்தக் கொடியிலிருந்து ஓரடி தள்ளி நிறுத்தப்பட்ட மோட்டார் சைக்கிளின் கைப்பிடி அதைவிட ஆபத்தானது. பிளாஸ்டிக் நாற்காலி, தண்ணீர் கேன், கைபேசியைப் பொருத்திய முக்காலி ஆகியவையும் அப்படியே.

இரண்டாவது, எறிதலுக்கும் கார்னர் உதைக்கும். எறிபவர் கோட்டின்மீதோ கோட்டுக்கு வெளியிலோ நின்று, இரு கைகளாலும் தலைக்குப் பின்னிருந்து பந்தை எறிய வேண்டும். எதிரணியினர் 2 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும் என விதி உள்ளது. எதிரணிக்கே 2 மீட்டர் என்றிருக்க, முதுகுக்குப் பின்னால் அரை மீட்டரில் பார்வையாளர் நின்றால் குழந்தை எப்படி எறியும்?

மூன்றாவது, துணை நடுவருக்கு. கொடி பிடித்த துணை நடுவர் கோட்டோரமாக முன்னும் பின்னும் ஓடுகிறார். ஆஃப்சைடைச் சரியாகச் சொல்ல, தற்காக்கும் அணியின் கடைசிக்கு முந்தைய ஆட்டக்காரரின் நேர்கோட்டில் அவர் எப்போதும் இருக்க வேண்டும். கூட்டம் கோட்டை அடைத்துக்கொண்டால் அவர் களத்துக்குள் இறங்கி ஓட நேரிடும், அல்லது ஒரே இடத்தில் நின்று ஊகிக்க நேரிடும். பிறகு அந்த ஊகத்தைக் குறைகூறிக் கத்துவதும் அதே கூட்டம்தான்.

குரலின் விளைவு

பத்து வயதுச் சிறுமி ஒருத்தியின் காலுக்குப் பந்து வருகிறது. அவள் தலை நிமிர்ந்து பார்க்க வேண்டும். எதிராளி எங்கே, தோழி எங்கே, இடம் எங்கே என்று கணக்கிட வேண்டும். பாஸ் செய்வதா, தானே கொண்டுபோவதா என முடிவெடுக்க வேண்டும். அந்த ஒன்றிரண்டு நொடிகளில் பயிற்றுநர் "பாஸ் பண்ணு" என்கிறார். அப்பா "அடி, அடி" என்கிறார். பின்னாலிருந்து ஒருவர் "திரும்பு" என்கிறார். மூன்றும் வெவ்வேறு கட்டளைகள். எதைக் கேட்பது என்று யோசிப்பதற்குள் பந்து பறிபோகிறது. உடனே மூன்று பேரும் ஒரே குரலில் "அய்யோ" என்கிறார்கள்.

ஒவ்வோர் அசைவையும் வெளியிலிருந்து இயக்கும் இந்த முறையை வீடியோ விளையாட்டின் கைப்பிடியோடு ஒப்பிட்டு 'ஜாய்ஸ்டிக் பயிற்சி' என்பர். இதில் குழந்தை ஆடுவதுபோல் தெரியும். முடிவெடுப்பவர் வெளியே நிற்பவர். கால்பந்தில் காலால் செய்யும் திறன்களைவிடக் கண்ணால் பார்த்து முடிவெடுக்கும் திறன் வளர அதிகக் காலம் பிடிக்கும். அது தவறு செய்து, அதன் விளைவைத் தானே கண்டு, அடுத்த முறை மாற்றிக்கொள்வதால் மட்டுமே வரும். சொல்லிச் சொல்லி ஆடவைக்கப்படும் குழந்தை அடுத்த கட்டளைக்காக ஓரத்தைப் பார்க்கப் பழகுகிறது. எந்தப் பந்துக்கும் திட்டு விழும் என்று தெரிந்த குழந்தையோ பந்து தன்னிடம் வராத இடத்தைத் தேடி நிற்கப் பழகுகிறது. அடுத்த கட்டமாக, ஞாயிற்றுக்கிழமை காலையில் வயிறு வலிக்கிறது என்று சொல்லத் தொடங்குகிறது.

கூச்சல் நடுவரையும் பாதிக்கிறது. ஆலன் நெவில், நைஜல் பால்மர், மார்க் வில்லியம்ஸ் ஆகியோர் 2002இல் வெளியிட்ட ஆய்வு இதற்குப் பெயர்பெற்றது. தகுதி பெற்ற 40 நடுவர்களுக்கு லிவர்பூல்–லெஸ்டர் சிட்டி ஆட்டத்தில் பந்துக்காக நடந்த 47 மோதல்களின் ஒளிப்பதிவு காட்டப்பட்டது. ஒரு பிரிவினர் கூட்டத்தின் சத்தத்தோடும் மற்றொரு பிரிவினர் சத்தமின்றியும் பார்த்தனர். சத்தத்தோடு பார்த்தவர்கள் சொந்த மைதான அணிக்கு எதிராக 15.5% குறைவான ஃபவுல்களையே கூறினர். அனுபவமுள்ளவர்களையே, அதுவும் திரையில் பார்க்கும்போதே, கூச்சல் இந்த அளவுக்கு அசைக்கிறது. சிறுவர் ஆட்டங்களில் விசில் ஊதுபவர் பெரும்பாலும் அப்போதுதான் நடுவர் பணியைக் கற்றுக்கொண்டிருக்கும் இளைஞராக இருப்பார். காதுக்கருகே திட்டு வாங்கும் அவர் அடுத்த பருவத்தில் வராமல் போனால், அந்த வட்டாரத்துக்கே நடுவர் குறைவார்.

ஓர் உயிரிழப்பு

இந்தச் சிக்கலின் மிகக் கொடிய முடிவு நெதர்லாந்தில் நிகழ்ந்தது. 2012 டிசம்பர் 2 அன்று அல்மேர் நகரில் பாய்ட்டன்பாய்ஸ் கழகத்தின் சிறுவர் அணியும் ஆம்ஸ்டர்டாமின் நியூ ஸ்லோட்டன் கழகத்தின் சிறுவர் அணியும் ஆடின. தன் மகன் ஆடிய அந்த ஆட்டத்தில் ரிச்சர்ட் நியூவென்ஹவுசன் என்ற 41 வயதுத் தந்தை தன்னார்வலராகக் கொடி பிடித்தார். ஆட்டம் முடிந்ததும் எதிரணியினர் அவரைத் தாக்கினர். மறுநாள் அவர் இறந்தார். அடுத்த வார இறுதியில் நாடு முழுவதும் அமெச்சூர் ஆட்டங்கள் நிறுத்தப்பட்டன. 2013 ஜூனில் பதின்வயது ஆட்டக்காரர்கள் சிலரும் அவர்களுள் ஒருவரின் தந்தையும் குற்றவாளிகள் எனத் தீர்ப்பளிக்கப்பட்டது. அந்தத் தந்தைக்கு 6 ஆண்டு சிறைத் தண்டனை கிடைத்தது.

ஒரு கயிறு கட்டியிருந்தால் இது நடந்திருக்காது என்று சொல்ல இயலாது. ஆனால் கோட்டோரத்தில் நிற்பவர் மீது என்ன கோபத்தை, எந்த அளவுக்குக் காட்டலாம் என்பதைப் பிள்ளைகள் பெரியவர்களைப் பார்த்தே கற்கிறார்கள்.

பிற நாடுகளின் முயற்சிகள்

அமெரிக்காவின் ஒஹாயோ மாநில வடபகுதியில் சிறுமியர் கால்பந்து லீக் ஒன்று 1999 அக்டோபரில் ஒரு ஞாயிற்றுக்கிழமையை 'மௌன ஞாயிறு' என அறிவித்தது. பெற்றோரும் பயிற்றுநர்களும் அன்று குரல் கொடுக்கக் கூடாது. வாயை அடக்கிக்கொள்ளச் சிலர் குச்சி மிட்டாய் வைத்துக்கொண்டனர். களத்தில் சிறுமியர் ஒருவரையொருவர் கூப்பிட்டு ஆடும் குரல் கேட்டது. இந்த யோசனை பின்னர் பல லீகுகளுக்குப் பரவியது.

இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கம் 2008இல் 'ரெஸ்பெக்ட்' திட்டத்தைத் தொடங்கியது. பெற்றோருக்கும் பயிற்றுநருக்கும் ஆட்டக்காரருக்கும் தனித்தனி நடத்தை விதிகள், நடுவரிடம் அணித்தலைவர் மட்டுமே பேசுதல், பார்வையாளருக்கெனத் தடுப்பு கட்டிய தனிப் பகுதி ஆகியவை அதன் கூறுகள். அந்தப் பகுதி பக்கக்கோட்டிலிருந்து 2 மீட்டர் தள்ளித் தொடங்கும். இயன்றவரை பயிற்றுநர்கள் ஒரு பக்கமும் பெற்றோர் எதிர்ப்பக்கமும் நிற்பர். இதனால் பெற்றோர் பயிற்றுநரின் காதில் ஓதுவதும் குறைகிறது.

ஜெர்மனியில் ஆகன் வட்டாரத்தைச் சேர்ந்த ரால்ஃப் க்ளோர் என்பவர் 'ஃபேர்ப்ளே லீகா' என்ற முறையை உருவாக்கினார். சிறு குழந்தைகளின் ஆட்டமொன்றில் பெற்றோருக்கிடையே மூண்ட சண்டையே இதற்குத் தூண்டுதல். இதில் மூன்று விதிகள். நடுவர் இல்லை, குழந்தைகளே முடிவு செய்வர். இரு அணிப் பயிற்றுநர்களும் ஒரே இடத்தில் சேர்ந்து நிற்பர். பெற்றோர் சுமார் 15 மீட்டர் தள்ளி நிற்பர். இரு பயிற்றுநர்களும் தோளோடு தோள் நிற்கும்போது ஒருவரையொருவர் ஏசுவது கடினம் என்பது இதன் எளிய உளவியல். நம் தெருவில் செங்கல்லை கோல் கம்பமாக வைத்து ஆடும் பிள்ளைகளுக்கு இம்முறையின் முதல் விதி புதிதல்ல. பந்து உள்ளேயா வெளியேயா என்பதை அவர்கள் தங்களுக்குள் கத்திப் பேசி முடித்து ஆட்டத்தைத் தொடர்கிறார்கள்.

இந்தியச் சூழல்

அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பு 2018இல் 'கோல்டன் பேபி லீக்' திட்டத்தைத் தொடங்கியபின், 6 முதல் 12 வயதுவரையிலான பிள்ளைகளுக்குச் சிறிய களத்தில், குறைந்த ஆட்டக்காரர்களுடன், வாரந்தோறும் ஆடும் லீகுகள் இந்தியாவின் பல ஊர்களில் உருவாயின. சென்னையில் கால்பந்துக்குப் பழைய வேர் வடசென்னையில் உள்ளது. வியாசர்பாடியில் பிள்ளைகள் தெருவிலும் திடலிலும் ஆடி வளர்ந்தனர்; தன்பால் கணேஷ், நந்தகுமார் சேகர் போன்றோர் அங்கிருந்து இந்திய அணிவரை சென்றனர்.

தென்சென்னைப் புறநகர்களில் பரவிவரும் கட்டணப் பயிற்சி மையங்களின் சூழல் வேறு. பெற்றோர் வண்டியில் அழைத்துவந்து, இருந்து பார்த்து, கூட்டிப்போகிறார்கள். பிள்ளையின் ஆட்டத்தில் அக்கறை கொண்ட பெற்றோர் நேரில் வருவது நல்லதே. ஆனால் கட்டணம் செலுத்துபவர் என்பதால், அவரைத் தள்ளி நிற்கச் சொல்லப் பயிற்றுநர் தயங்குகிறார். முடிவு உடனே தெரிய வேண்டும் என்ற எதிர்பார்ப்பும் கூடுகிறது. எனவே விதியைத் தனி ஒருவரிடம் ஆட்டத்தின் நடுவில் சொல்வதைவிட, பருவத் தொடக்கத்தில் எல்லோரிடமும் பொதுவாகச் சொல்லிவிடுவது இருவருக்குமே சங்கடம் குறைந்த வழி.

சிறு மைதானத்தில் செயல்படுத்தும் முறை

கேலரி இல்லாத சாதாரணத் திடலில் இதற்குத் தேவைப்படுபவை கயிறு, சில மூங்கில் கம்புகள், சுண்ணாம்புத்தூள், இரண்டு தன்னார்வலர்கள்.

1. பார்வையாளர் பகுதி: ஒரு பக்கக்கோட்டுக்கு இணையாக, குறைந்தது 2 மீட்டர், இடமிருந்தால் 3 அல்லது 4 மீட்டர் தள்ளிக் கயிறு கட்ட வேண்டும். நிழல் உள்ள பக்கத்தைப் பார்வையாளருக்கு ஒதுக்குவது நல்லது. நிழலை விட்டு வெயிலில் போய் நிற்கச் சொன்னால் கயிறு பத்து நிமிடம்கூடத் தாங்காது.

2. பயிற்றுநர் பகுதி: எதிர்ப்பக்கத்தில், நடுக்கோட்டின் இருபுறமும் இரு அணிகளுக்கும் சுண்ணாம்பால் கட்டம் போட வேண்டும். மாற்று ஆட்டக்காரர்களும் அதற்குள்ளேயே இருக்க வேண்டும்.

3. கோலுக்குப் பின்புறம்: யாரும் நிற்கக் கூடாது. பந்து பட்டுக் காயமடையும் ஆபத்து அங்கே அதிகம். கோல் கீப்பருக்குப் பின்னாலிருந்து வரும் பேச்சு அவரைக் குழப்பும்.

4. வண்டிகள்: திடலுக்கு வெளியே. இயலாதபோது கயிற்றுக்கு வெகு பின்னால்.

5. கள மேற்பார்வையாளர்: பார்வையாளர்களைக் கவனிக்க இரு அணிப் பெற்றோரிலிருந்தும் ஒவ்வொருவர். "சார், கொஞ்சம் கயித்துக்குப் பின்னாடி" என்று ஒரு பெற்றோரே இன்னொரு பெற்றோரிடம் சொல்வது எளிதில் எடுபடும். நடுவர் ஆட்டத்தைக் கவனிக்கலாம்.

6. பேசும் நேரம்: பயிற்றுநர் சொல்ல வேண்டியதை இடைவேளைக்கும் தண்ணீர் இடைவெளிக்கும் ஒதுக்கிக்கொள்ளலாம். வெப்பமான சூழலில் ஒரு நிமிடத்துக்கு மிகாத தண்ணீர் இடைவெளியையும், 90 நொடி முதல் 3 நிமிடம்வரையிலான குளிர்ச்சி இடைவெளியையும் போட்டி விதிகளில் சேர்க்க விதிநூல் இடமளிக்கிறது. சென்னை வெயிலில் இது உடலுக்கும் தேவை.

7. மீறினால்: முதலில் மேற்பார்வையாளர் நினைவூட்டுவார். தொடர்ந்தால் நடுவர் ஆட்டத்தை நிறுத்திக் காத்திருப்பார். அதன்பின்னும் தொடர்ந்தால் அமைப்பாளர் அவரைத் திடலைவிட்டு வெளியேறச் சொல்வார். இந்த வரிசையை முன்கூட்டியே அறிவித்துவிட வேண்டும்.

விமர்சனங்களும் வரம்புகளும்

முழு மௌனம் இயல்பானதல்ல என்பது இம்முறை மீதான முதன்மையான விமர்சனம். கோல் போட்ட மகளுக்குக் கைதட்டாமல் நிற்பது பெற்றோருக்குக் கடினம்; கைதட்டலை எதிர்பார்க்கும் குழந்தைகளும் உண்டு. ஆகவே பல லீகுகள் ஆண்டில் ஒன்றிரண்டு நாட்களை மட்டும் மௌன நாட்களாக வைத்து, மற்ற நாட்களில் கைதட்டலையும் பொதுவான ஊக்கச் சொற்களையும் அனுமதிக்கின்றன. "நல்ல முயற்சி" என்பது ஊக்கம். "இடது பக்கம் அடி" என்பது கட்டளை. இந்த வேறுபாட்டை விளக்கினால் பெரும்பாலானோர் ஏற்றுக்கொள்கிறார்கள்.

மிகச் சிறிய குழந்தைகளுக்கும் முதன்முறை ஆடுபவர்களுக்கும் எந்தப் பக்கம் ஓடுவது என்பதைக்கூடச் சொல்ல வேண்டியிருக்கும். அங்கே பயிற்றுநரின் குரல் தேவை. காயம், மயக்கம், இடி மின்னல் போன்ற வேளைகளில் எந்த மௌன விதியும் பொருந்தாது. அடிபட்ட குழந்தையிடம் போவதற்கும் முறை உண்டு: நடுவர் ஆட்டத்தை நிறுத்தி அனுமதித்ததும் பயிற்றுநரோ முதலுதவி செய்பவரோ முதலில் உள்ளே செல்வார், பெற்றோரை அவர் அழைப்பார். குழந்தைகளிடம் பயிற்றுநர் எப்படி நடந்துகொள்கிறார் என்பதைப் பெற்றோர் காணும் உரிமையும் முக்கியம். தள்ளி நிற்கச் சொல்வது, பார்க்கவே கூடாது என்பதாக மாறிவிடக் கூடாது. கயிறு கண்ணை மறைக்காத தொலைவில் இருக்க வேண்டும் என்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

ஆட்டம் முடிந்தபிறகு என்ன பேசுவது என்பதும் இந்த ஒழுங்கின் தொடர்ச்சியே. திடலில் அடக்கிய கட்டளைகளை எல்லாம் வண்டியில் வீட்டுக்குப் போகும் வழியில் கொட்டினால் கயிறு கட்டியதன் பயன் போய்விடும். ஆடிய பிள்ளை தானாக ஆட்டத்தைப் பற்றிப் பேசத் தொடங்கும்வரை காத்திருப்பதே பெற்றோர் கடைப்பிடிக்க வேண்டிய கடைசித் தொலைவு.